வெள்ளிக்கிழமைகளில் செத்துப்போன வாட்டர் ஸ்கூட்டர்

திருவண்ணாமலையில் நின்றுபோன வண்டி ஒன்று மறுபடி ஓடுகிறது என்றால், 'ஒரு சுத்து' அதைச் சுற்றி வந்திருக்கிறார் என்று பொருள். செங்கம் சாலையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே பேட்டரி, செல்ஃப் மோட்டார், வயரிங் வேலை பார்க்கிறவர். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

எந்த வண்டி வந்தாலும் முதலில் செருப்பைக் கழற்றுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வலமாக ஒரே ஒரு முறை சுற்றி வருவார். அப்புறம்தான் ஸ்பேனர். மலையையே சுற்றுகிற ஊரில் இதை யாரும் வினோதமாக நினைக்கவில்லை. ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், தன் மோட்டார் சைக்கிளை இவர் சுற்றுவதைப் பார்த்துத் தானும் கைகூப்பியபடி பின்னாலேயே போனார். இவர் ஒரு சுற்றில் நின்றுவிட்டார். அவர் மூன்று போனார். "அவருக்கு இன்னா வேண்டுதலோ" என்றபடி இவர் ஃபியூஸை மாற்றினார்.

இது பக்தியா, பரிசோதனையா என்று ஒருநாள் கேட்டேன்.

"முன்னாடி நின்னு பாத்தா எல்லா வண்டியும் நல்லாத்தான் சார் இருக்கும். பொண்ணு பாக்கப் போன எடம் மாதிரி. பின்னாடி போனாத்தான் விஷயம் தெரியும்."

கீழ்பென்னாத்தூர் வேன் ஒன்றில் ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடும். இவர் சரிசெய்து கொடுத்த மூன்றாம் நாள் டிரைவர் திரும்பி வந்தார். "ஹாரனுக்கு ஒருத்தனும் ஒதுங்க மாட்றான்ணே. வைப்பர் ஆடுனாத்தான் பயந்து ஒதுங்குறான். பழையபடியே போட்டுக் குடு." போட்டுக் கொடுத்தார்.

அரசு வாகனப் பணிமனையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோளாறு கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. வரிசை தவறிக் கிடைத்த கோளாறைக் கோளாறாகவே நான் ஏற்பதில்லை. ஆகவே இந்த மனிதரிடம் எனக்கு இருந்தது மரியாதை அல்ல, ஆராய்ச்சி ஆர்வம்.

பழனி விஷயத்துக்கு வருகிறேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். வளைகுடாவில் ஒரு கடற்கரை விடுதியில் படகு ஓட்டிக்கொண்டிருந்தவன், மனைவிக்கு ஏழாம் மாதம் என்றதும் ஊர் வந்துவிட்டான். திரும்பப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் ஊரில் ஒரு பிழைப்பு வேண்டும். ஊர் ஏரியில் பெடல் படகு விட அனுமதி கேட்டான். மனு எழுதிக் கொடுத்தவன் நான். யாராவது தண்ணீரில் விழுந்தால் மீட்க ஒரு வண்டி கரையில் தயாராக இருக்க வேண்டும், அது அதிகாரியின் கண்ணெதிரே கிளம்ப வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காகப் பழைய வாட்டர் ஸ்கூட்டர் ஒன்றைப் பிடித்து வந்திருந்தான். கடற்கரைகளில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவார்களே, அது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வு. வண்டி கிளம்பாவிட்டால் மனு தள்ளுபடி, பழனி மறுபடி விமானத்தில்.

வியாழக்கிழமை நானே போய்ச் சோதித்தேன். முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. வெள்ளி காலை ஏழரைக்கு போன்.

"சார், செத்துப் போச்சு சார். ஸ்டார்ட் பட்டனை அமுக்குனா சத்தமே இல்ல."

மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செங்கம் சாலைக்குப் போய், மனமில்லாமல்தான், ஒரு சுத்தையும் என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன்.

ஏரிக்கரை ஓரம் பழனியின் வீடு. வாசலில் டிரெய்லர் மேல் வண்டி. மனைவி நாற்காலியில் இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பழனியின் அம்மா என்னிடம் ஓடி வந்தார். "எல்லா சாமியும் கும்பிட்டுட்டேன் சார். இன்னும் எந்தச் சாமி பாக்கின்னு தெரியல."

வரிசைப்படி தொடங்கினேன். பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து, "இதுதான்" என்று அறிவித்தேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். நிசப்தம். மீட்டர் வைத்தேன், பேட்டரியில் தெம்பு இருந்தது. ஃபியூஸ் முழுசாக இருந்தது. ரிலே மேல் ஸ்குரூடிரைவரை வைத்து நேராக மின்சாரம் கொடுத்தால் செல்ஃப் மோட்டார் சுற்றியது. தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓடவிட்டால் சூடேறிக் கெட்டுவிடும் என்பதால் இரண்டு விநாடியில் கையை எடுத்தேன். மணி எட்டு ஐம்பது. என் பட்டியலில் நான்கு முடிந்திருந்தது. மொத்தம் பதினாறு.

ஒரு சுத்து இதற்குள் தம் சுற்றை முடித்துவிட்டுப் பழனியின் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"எப்பல்லாம் மக்கர் பண்ணுது?"

"போன வாரமும் வெள்ளிக்கிழமைதான்ணே. சனிக்கிழமையும் செத்துக் கெடந்துச்சு. ஞாயித்துக்கிழமை தானா உசுரு வந்துடுச்சு. அதுக்கு முந்தின வாரமும் அப்படியேதான்."

"நடுவுல எதுனா பண்ணியா?"

"ஒண்ணும் பண்ணலியே. சனிக்கிழமை சாயங்காலம் தண்ணி ஊத்திக் கழுவுவேன், அவ்ளோதான்."

நான் குறுக்கிட்டேன். "மெஷினுக்குக் கிழமை தெரியாதுப்பா."

"மெஷினுக்குத் தெரியாது சார். வீட்டுல இருக்கிறவங்களுக்குத் தெரியுமே."

எழுந்து கைப்பிடியிடம் போனார். அந்த வண்டியில் ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் ஒரு கயிறு இருக்கும். அதன் நுனியிலுள்ள கிளிப், கைப்பிடியில் இருக்கும் சிவப்பு ஸ்டாப் பட்டனுக்கு அடியில் செருகியிருக்க வேண்டும். ஆள் தண்ணீரில் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொள்ளும், பட்டன் உள்ளே போகும், எஞ்சின் நிற்கும். பட்டன் உள்ளே இருக்கிறவரை வண்டி கிளம்பவும் கிளம்பாது.

சிவப்பாக, வட்டமாக, நெற்றிப் பொட்டு மாதிரி இருக்கும் பட்டன். வெள்ளிதோறும் விடியற்காலையில் குளித்துவிட்டு வருகிற ஒரு தாய் சந்தனமும் குங்குமமும் வைக்க, அந்த வண்டியில் அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கிளிப் இல்லாமல் நிற்கிற நேரத்தில் பட்டன் உள்ளேதான் இருக்கும். இடுக்கில் இறங்கிய சந்தனம் காய்ந்து அதை அங்கேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அப்புறம் கிளிப்பைச் செருகினாலும் அது எழும்பவில்லை. நாளெல்லாம் தண்ணீரில் கிடக்கப் பிறந்த இயந்திரத்தை அரைத்த சந்தனம் மடக்கிவிட்டது.

நான் வாயைத் திறந்தேன். ஒரு சுத்து என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"அம்மா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க. மூஞ்சி கழுவணும்."

தண்ணீர் வந்தது. அந்த அம்மாவுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பையிலிருந்து ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்தார். கொஞ்சம் தண்ணீர் முகத்துக்கு, மிச்சமெல்லாம் பட்டனுக்கு. இறுக்கம் விட்டது. பழனி கிளிப்பைச் செருகினான், பட்டன் 'டப்' என்று வெளியே வந்தது.

பத்து பத்துக்கு அதிகாரி வந்தார். வண்டியை ஏரியில் இறக்கினார்கள். பழனி கட்டைவிரலை ஸ்டார்ட் பட்டனில் வைத்தான். ஒரே அழுத்தல். எஞ்சின் உறுமியதும் கரையில் இருந்த கொக்குகள் எல்லாம் எழும்பின. அவன் இரண்டு வட்டம் அடித்துத் திரும்புவதற்குள், அதிகாரி ஜீப்பின் பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். நாற்காலியில் இருந்த பெண் முகத்தைப் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டாள்.

"இன்னா கோளாறுப்பா?" என்று கேட்டார் அம்மா.

"பேட்டரில பச்சை பூத்துருந்துச்சும்மா. சார்தான் சுரண்டி எடுத்தாரு."

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கைகூப்பினார். கோளாறு அறிக்கையில் தவறான காரணம் எழுதியதற்காகப் பணிமனையில் இரண்டு பேருக்கு மெமோ கொடுத்தவன் நான்.

"ஆமாம்மா, பேட்டரிதான்" என்றேன்.

"ஆனா ஒண்ணும்மா," என்றார் ஒரு சுத்து. "பொட்டை இனிமே வண்டி மூக்குல வைங்க. கைப்பிடியில வச்சா ஓட்றவனுக்கு மட்டும்தான் தெரியும். ஏரி பாக்க வேணாவா?"

"அதுவும் வாஸ்தவம்தான்" என்றார் அம்மா.

திரும்பி வரும் வழியில் கேட்டேன். "உள்ளதைச் சொல்லியிருந்தா அவங்களே ஜாக்கிரதையா இருப்பாங்களே."

பின்னாலிருந்து குரல் வந்தது. "இருப்பாங்க சார். ஜாஸ்தியாவே இருப்பாங்க. நாம தொட்டுத்தான் புள்ள பொழப்பு கெடப் பாத்துச்சுன்னு மனசுல நின்னுடும். அப்புறம் பொறக்கப்போற கொழந்தையத் தூக்கக்கூடப் பயப்படுவாங்க."

செங்கம் சாலை வந்தது, அவருடைய கடையும் வந்தது. நிறுத்த மனம் வரவில்லை. டீ குடிக்கலாமா என்று கேட்டுக்கொண்டே கடையைத் தாண்டிப் போனேன்.