சிவப்புப் பேனா பிஷப்

மைசூரில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள், பஸ் மாறுவதற்காக இறங்கியவர்கள் எல்லாரிலும், புகழ்ச்சியைக் கண்டு இவரைப் போலப் பதறியவர் வேறு யாரும் கிடையாது. இந்த வாக்கியத்தை அவர் பார்த்திருந்தால், "எல்லாரையும் நீ போய்ப் பாத்தியா கண்ணு?" என்று கேட்டு, அங்கிப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அதைக் கோடு போட்டு அடித்திருப்பார்.

அவர் ஒரு கத்தோலிக்க பிஷப். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வடக்கே எங்கோ ஒரு மலைநாட்டில் பிஷப்பாக இருந்து ஓய்வுபெற்று, மைசூரில் வயதான பாதிரியார்கள் தங்கும் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். என் அச்சகம் அதற்கு எதிர்ச்சாரியில் இருந்தது. நான் இந்து, அங்கி போட்ட எல்லாரும் எனக்குச் சாமிதான். பிஷப் என்றால் மோதிரம், செங்கோல், பின்னால் நாலு கார் என்று நினைத்திருந்தேன். இவர் ரப்பர் செருப்பில் வந்து நின்றார்.

"ப்ரூஃப் ஏதாச்சும் இருக்குதா கண்ணு? சும்மா உக்காந்தா கை அரிக்குது."

சம்பளமில்லாத ப்ரூஃப் ரீடர் கிடைத்தால் எந்த அச்சகக்காரன் விடுவான்? விட்டிருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் 'இரு வீட்டாரும் மகிழ்ச்சியுடன்' என்று இருந்தால், பெண்ணின் அப்பாவை உட்காரவைத்து, "ரெண்டு வீட்டுக்கும் மகிழ்ச்சிதானுங்களா?" என்று விசாரிப்பார். ஒருவர் பொலபொலவென்று அழுதே விட்டார். சம்பந்தியைப் பற்றி அவர் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

'மைசூரிலேயே சிறந்த மைசூர்பாகு' என்று நோட்டீஸ் அடிக்க ஒரு பேக்கரிக்காரர் வந்தார்.

"மத்த கடைப் பாகெல்லாம் தின்னு பாத்தீங்களா?"

"இல்ல சாமி, எனக்கு ஷுகர்."

"அப்ப உங்க கடையோடது?"

"அதும் தின்னதில்ல சாமி."

நோட்டீஸ் 'எங்கள் கடையில் மைசூர்பாகு கிடைக்கும்' என்று வெளிவந்தது. அதைப் படித்து ஊரே திரண்டு வந்தது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பேக்கரிக்காரர் அச்சகத்தை மாற்றிவிட்டார்.

ஒருநாள் சாமிக்கு நெஞ்சுவலி. ஐ.சி.யூ.வில் போட்டார்கள்; டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். நான் வெட்கப்பட வேண்டிய முதல் இடம் இது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. திடீரென்று ஆர்டர் வந்தால் திண்டாடக்கூடாதே என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவருடைய நினைவஞ்சலி மலரை எழுதி, பக்கம் கட்டி, ப்ரூஃபும் எடுத்துவிட்டேன். 'அப்பழுக்கற்ற மேய்ப்பர்', 'ஏழைகளின் கண்கண்ட தெய்வம்', 'தவறே செய்யாத தவசீலர்'. எங்கள் தொழிலில் இதைச் சுறுசுறுப்பு என்போம்.

பதினோராம் நாள் ரப்பர் செருப்பு சத்தம் கேட்டது. மேஜைமேல் அவர் போட்டோ, அதன் கீழே 'மறைந்தார்'. ஒளிக்க நேரமில்லை.

"சாமி, அது... சும்னே... ஒரு மாடலுக்கு..." என்று கன்னடமும் தமிழுமாக உளறினேன்.

"இருக்கட்டும் கண்ணு. தன் சாவுக்குத் தானே ப்ரூஃப் பாக்கறது எல்லாத்துக்கும் கெடைக்குமா?" என்று உட்கார்ந்துவிட்டார்.

'அப்பழுக்கற்ற' போயிற்று. 'கண்கண்ட தெய்வத்தை', "மேல இருக்கறவரு கோவிச்சுக்குவாரு" என்று அடித்தார். 'தவறே செய்யாத' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"நான் பிஷப்பா இருந்தப்ப அங்க வந்திருந்த தமிழ்க்காரச் சின்ன ஃபாதர் ஒருத்தரு குடிக்கறாருன்னு மொட்டைக் கடுதாசி வந்துச்சு. நம்பி, அவரப் பாதையே இல்லாத ஊருக்குத் தூக்கியடிச்சேன். கடுதாசி பொய்யின்னு அப்புறம் தெரிஞ்சுது. ஆனாத் திருப்பிக் கூப்பிடலை."

"ஏன் சாமி?"

"பிஷப்பு தப்புப் பண்ணிட்டாருன்னு ஆயிருமே. அவரோட அம்மா அடக்கத்துக்குக்கூட அவரால வந்து சேர முடியலை. நேருல போய் மன்னிப்புக் கேக்க இன்னிவரைக்கும் எனக்குத் தைரியம் வரலை." ஓரத்தில் நாலைந்து வரி எழுதினார். "இத அப்படியே போடோணும். போடுவியா கண்ணு?"

"சத்தியமாப் போடறேன் சாமி."

இரண்டு வருடம் கழித்து அவர் நிஜமாகவே போய்ச் சேர்ந்தார். அவருடைய அண்ணன் மகன் ஹனூரிலிருந்து மலருக்கு ஆர்டர் கொடுக்க வந்தார். சாமி திருத்திய ப்ரூஃபை நீட்டினேன்; சிவப்பு மையைப் படித்ததும் அவர் முகம் மாறியது.

"ஏனுங்க, நாலு பெரியவங்க வர்ற எடத்துல எங்க சித்தப்பா மானத்த வாங்கோணுமா? மொதல்ல இருந்தாப்பலயே போட்டுருங்க."

சத்தியம் செய்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆகட்டுங்க" என்றேன். 'தவறே செய்யாத தவசீலர்' தங்க எழுத்தில் ஏறியது.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், நரைத்த பாதிரியார் ஒருவர் கையில் மலரோடும் கக்கத்தில், நீங்கள் இப்போது படிக்கும் இதே வாரப் பத்திரிகையின் பழைய இதழ் ஒன்றோடும் கடைக்கு வந்தார். பெயரைச் சொன்னார். சாமி ஓரத்தில் எழுதியிருந்த அதே பெயர்.

"முழுக்கப் படிச்சேன் தம்பி. அவரே ப்ரூஃப் பார்த்ததுன்னு இல்லத்துல சொன்னாங்க. என்னைப் பத்தி ஏதாவது எழுதச் சொன்னாரா?"

ப்ரூஃப் என் இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தால், அதை நான் நீக்கியதையும் சொல்லியாக வேண்டும்.

"இல்லீங்க சாமி" என்றேன்.

"சரி" என்று மலரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் வேறு செய்தார். அந்தக் கையின் கனம் இன்னும் இறங்கவில்லை. மறுநாள் இல்லத்தில் விசாரித்தேன். அவர் விலாசம் யாரிடமும் இல்லை. அவர் கக்கத்தில் இருந்த பத்திரிகை ஒன்றுதான் இப்போது என் நம்பிக்கை. எனவே ப்ரூஃபில் உள்ளபடி இங்கே தருகிறேன். பெயர் இருந்த இடத்தில் மட்டும் 'இந்த ஃபாதர்' என்று போட்டிருக்கிறேன், அவருக்குத் தெரியும்.

'இந்த ஃபாதரைப் பற்றி வந்த மொட்டைக் கடிதத்தை நம்பி அவரை மாற்றினேன். அது பொய் என்று தெரிந்த பிறகும், என் கௌரவத்துக்குப் பயந்து திரும்ப அழைக்கவில்லை. அவர் தம் தாயை அடக்கம் செய்ய வர முடியாமல் போனது என்னால்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.'

அச்சேறிவிட்டது, சாமி. முடிவில், 'மைசூரிலேயே நல்ல மனிதர்' என்று என் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தேன். எல்லாரையும் போய்ப் பாத்தியா என்று கேட்பீர்கள். நானே சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டேன்.