மாடியில் பத்துப் பேர்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன், இதைப் படித்ததும் கிழித்துவிடவும்.

மாடிக்கு ஒருவர் குடிவந்து ஆறு வாரமாகிறது. மொழிபெயர்ப்பாளராம். ஒண்டிக்கட்டை, ஒல்லி, இரண்டு பெட்டி நிறையப் புத்தகம். வந்த மூன்றாம் நாளே, மாடிப்படியில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்த என் காதில் அவர் போனில் பேசியது விழுந்தது. மேலே ஒருவன்தானாம். அவன் யாரோடும் சேரமாட்டானாம். அவனிடமிருந்து நேராக ஒருத்தன்தான் வரமுடியுமாம், அந்த ஒருத்தனிடமிருந்து அடுத்தவன், இப்படியே பத்துப் பேர். "கீழ நடக்கிற எல்லாத்தையும் பத்தாமவன்தான் பாத்துக்கறான்" என்றார். மச்சான், கீழே இருப்பது நானும் உங்கள் தங்கையும்தான்.

அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாக இருந்தேன். செவ்வாய்க்கிழமை மாலை ஆட்கள் வருகிறார்கள். தையல்காரர், நர்ஸம்மா, கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், இன்னும் யார் யாரோ. படியோரம் செருப்பை எண்ணினேன், பத்து ஜோடி. பத்தாவது ஜோடி, வார் அறுந்து நானே தைத்துக் கொண்டுவந்த உங்கள் தங்கையின் செருப்பு.

குழாய் ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று மேலே போய், அந்தப் பத்துப் பேர் யார் என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன். மனுஷன் பதறவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகம். செவ்வாய்தோறும் கூடி இவர்கள் பேசுவது, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அரபியில் எழுதிய அறிஞர்கள் சொன்னதாம்: இறைவன் ஒருவன், பிளவே இல்லாதவன், அப்படிப்பட்ட ஒன்றிலிருந்து இத்தனை கோடிப் பொருள் எப்படி வந்தது? அதற்காக நடுவில் படிப்படியாகப் பத்து அறிவுகளை வைத்தார்களாம், பத்தாவதுதான் கீழே இருக்கிற இந்த உலகத்தைப் பார்த்துக்கொள்கிறதாம். பிடிபட்டவன் எவன்தான் கதை சொல்லமாட்டான்? பிறகு என்னையே மடக்கினார். "நீங்க ஆஸ்பத்திரி ஸ்டோர்ல இருந்தவராமே. ஒரு பெட்டி கையுறைன்னு எழுதுவீங்களே, அந்த 'ஒரு' எங்க இருக்கு சார்? பெட்டியிலயா, கையுறையிலயா, உங்க மனசுலயா?"

என் உத்தியோகம் இவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் தங்கைதான் சொல்லியிருக்கிறாள். கீழே வந்து அவளைக் கேட்டேன், நீ எதுக்கு அங்க போறேன்னு. காய் நறுக்குறதை நிறுத்தாமலே சொன்னாள்: "முப்பத்தெட்டு வருஷமா நாம ரெண்டு பேரும் ஒண்ணுன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. அது எப்படின்னு என்னை ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?" குழாயைப் பாக்கறேன்னு வாசலுக்குப் போயிட்டேன் மச்சான். ரெண்டு நாளா அவ முகத்தைப் பாக்கவே கூச்சமா இருக்கு. இப்படிக் குடும்பத்துக்குள்ள கேள்வியக் கொண்டு வர்றவன் நல்லவனா இருக்க முடியுமா? ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து, அந்தப் பழைய குரலில் நாலு வார்த்தை பேசி, ஆளைக் காலி செய்ய வைக்க வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லாரும் நீடு வாழ்க.

இப்படிக்கு,
நிம்மதியிழந்த மாப்பிள்ளை

பி.கு.: கவரை ஒட்டுமுன் உங்கள் தங்கை வாங்கிப் படித்து, இரண்டு ஒற்றுப்பிழை திருத்தி, காலி செய்யச் சொல்வதை நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றாள். அதற்காகத்தான் இன்று மாலை, செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் நடுவே போனேன். போன இடத்தில் தையல்காரர், 'ஒரு' என்பது பெட்டியில்தான் இருக்கிறது என்று அடித்துப் பேசுகிறார். முப்பது வருஷம் ஸ்டோரில் இருந்தவன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா வரமுடியுமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் தங்கை எனக்காக இடம் விட்டாள். நீங்கள் வர வேண்டாம். வந்தே தீருவதென்றால் அடுத்த செவ்வாய்க்கிழமை மட்டும் தவிர்க்கவும். அன்று தையல்காரருக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.