சாய்ந்த மரமும் ஒரு தூக்குக்குண்டும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். உன் போன்சாயும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

பதினெட்டு வருஷம் பிள்ளையைப் போல வளர்த்த மரம், ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்குப் போகவேண்டிய மரம். அதை எங்கள் கூடத்து மேஜையில் வைத்து, "தண்ணி மட்டும் ஊத்துங்க அத்தான், வேற ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனாய். ஆறு நாள் தண்ணீர் மட்டும்தான் ஊற்றினேன். ஆனால் முப்பத்தைந்து வருஷம் கொத்தனாராகச் சுவர் எழுப்பியவன் நான். கண்ணெதிரே ஒன்று சாய்ந்துகொண்டு நின்றால் எனக்குச் சோறு இறங்குமா? இன்று காலை தூக்குக்குண்டைப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒரு சாண் மரத்தில் நாலு விரல் கோணல்! கொம்பெல்லாம் கம்பி வேறு சுற்றியிருந்தது. சரி, பையன் நிமிர்த்த ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

ஆனாலும் உன் மரத்தில் எடுத்தவுடனே கை வைப்பேனா? பின்னறையில், தையல் மெஷினுக்குப் பின்னால், ஜன்னலோரம் இதே மாதிரி கோணலாக இன்னொரு தொட்டிச்செடி இருந்தது. முதலில் அதில் கை பழகினேன். மூன்று கொம்பு ஒடிந்தது. போகட்டும், கேட்பாரற்ற செடிதானே. பிறகுதான் உன் மரத்துக்கு வந்தேன். சட்டம் கட்டி இழுத்ததில் ஒரே ஒரு கொம்புதான் போனது, மரம் இப்போது கம்பம் போல நிற்கிறது. பெருமையாகக் கீழ்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஐயோ சார், சாய்ஞ்சு நிக்கிறதுதானே இதோட அழகே! அந்தக் கம்பி வளைக்கிறதுக்கு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

உன் அக்கா வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கல்யாணமான நாள் முதல் நான் இவ்வளவு பயந்ததில்லை. மாப்பிள்ளை, உன் பதினெட்டு வருஷத்தை ஒரே காலையில் கெடுத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. மன்னித்துவிடு.

நீயும் உன் வீட்டாரும் எல்லா நலமும் பெற்று, கோபமின்றி வாழ்க.

உன் அத்தான்

பி.கு.: உன் அக்கா சிரித்த காரணத்தை இப்போதுதான் சொன்னாள். "உங்க கை சும்மா இருக்காதுன்னு அவனுக்குத் தெரியாதா? உங்ககிட்ட குடுத்தது போன வாரம் நர்சரியில வாங்கினது. நிஜ மரத்தை நான் பத்திரமா ஒளிச்சு வெச்சிருக்கேன், வாங்க காட்டுறேன்" என்று சிரித்துக்கொண்டே பின்னறைக்குப் போனாள். சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை, மேலே கேட்ட மன்னிப்பை அப்படியே வைத்துக்கொள், மரத்தை மட்டும் மாற்றிக்கொள்.