பேராசிரியரின் பின்மண்டை

லைப்சிக் நகரத்தாருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. படித்தவர்கள் ஊர், தெருவுக்குத் தெரு புத்தகக் கடை, சந்துக்குச் சந்து அச்சுக்கூடம். பேய் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் மண்டை அளக்கிற பித்தளைக் கவராயத்தை நீட்டி, லத்தீனில் நாலு வார்த்தை விட்டால் போதும். தொப்பியைக் கழற்றித் தலையைக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த வசந்தகாலச் சந்தையின்போது அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டிருந்தவர் பேராசிரியர் பால்டுயின் ஷ்னோர். எந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் என்று, பல்கலைக்கழகம் இருக்கிற அந்த ஊரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மண்டையின் மேடுபள்ளத்தைத் தடவியே ஆளின் குணத்தைப் புட்டுப் புட்டு வைப்பாராம். காதுக்கு மேலே மேடா? கொலைக்குணம். நெற்றிப்பொட்டில் மேடா? திருட்டுக்குணம். உச்சியில் மேடா? தெய்வபக்தி. தலையெழுத்து என்கிறார்களே, அதைக் கையால் தடவிப் படிக்கிற வித்தை.

வேலைக்கு ஆள் வைக்கிற முதலாளிகள் வந்தார்கள். பெண் கொடுக்கிற அப்பன்மார் வந்தார்கள். கம்பளித்தோல் வியாபாரி ஒருவர் தன் பழைய கணக்கரையே இழுத்து வந்தார். திருட்டு மேடு இருக்கிறது என்றார் ஷ்னோர். "இத்தனை வருஷத்துல ஒரு காசு எடுத்ததில்லையே?" என்று வியாபாரி இழுத்தார். "இனிமேல் எடுப்பான்" என்றார் ஷ்னோர். கணக்கருக்கு அன்றே வேலை போயிற்று. எவ்வளவு துல்லியமான அறிவியல் பாருங்கள், நடக்காத திருட்டையும் கண்டுபிடித்துவிடுகிறது!

இத்தனைக்கும் மனத்தை உண்மையிலேயே ஆராய்கிற கூடம் ஒன்று அதே ஊரில், பல்கலைக்கழகத்துப் பழைய கட்டடம் ஒன்றில் புதிதாகத் திறந்திருந்தது. அங்கே கூட்டமில்லை. போனால் உங்கள் வருங்காலத்தைச் சொல்ல மாட்டார்கள். இரும்புக் குண்டு ஒன்று பலகையில் விழுகிற சத்தம் கேட்டதும் விசையிலிருந்து விரலை எடுக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்து சொல்வார்கள். யாருக்கு வேண்டும் அது?

இனிப்புக்கடை முதலாளி கொட்லோப் ஹெம்பலுக்கு வேண்டாம். அவர் ஷ்னோரின் பரம பக்தர். ஒரு நாள் மத்தியானம் கடைக்குள் நுழைந்தவர், தொப்பியைக்கூடக் கழற்றாமல் மகளிடம் சொன்னார்.

"கல்யாணம் நின்னுபோச்சு."

"யாருக்குப்பா?" என்றாள் ரீக்கே, மாவு பிசைந்தபடி.

"உனக்குத்தான். எம்மெரிக்கைப் பேராசிரியர்கிட்டே கூட்டிட்டுப் போனேன். நெத்திப்பொட்டுல திருட்டு மேடு! கோழிமுட்டை கணக்கா இருக்குடி!"

"அப்பா, அது போன வாரம் நம்ம கடை வாசல்ல இடிச்சிக்கிட்ட வீக்கம். நீங்கதானே வெண்ணெய் தடவி விட்டீங்க?"

"அதையும் சொன்னேன். 'குணம் உள்ளே இருந்து முட்டுது, அதான் தலை போய் இடிச்சுது'ன்னாரு."

"அந்த வாசல் நிலையில இடிச்சிக்காத தலை இந்தத் தெருவுல உண்டா?"

"லத்தீன்ல சொன்னாருடி!"

லத்தீனுக்கு மறுப்பு ஏது? ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் திருமண அறிவிப்பை வாசிப்பதாக இருந்தது. வெள்ளிக்கிழமை போதகரைப் பார்த்து நிறுத்தச் சொல்லிவிடுவேன் என்றார் ஹெம்பல். கம்பளித்தோல் வியாபாரியின் அக்கா மகன் ஒருவன் இருக்கிறானாம். அவன் மண்டையில் நேர்மை மலை போல நிற்கிறதாம்.

எம்மெரிக் புத்தகம் கட்டுகிறவன். பெரிய அழகன் இல்லை. பேச்சும் கொஞ்சம் திக்கும். ஆனால் அவன் கடைக்குள் வந்தால் மாவு பிசைகிற அவள் கை தானே நின்றுவிடும். ரீக்கேவுக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

மாடி அறையில் ஸ்தோயன் என்ற பல்கேரிய மாணவர் குடியிருந்தார். அந்தக் குண்டு விழுகிற ஆய்வுக்கூடத்தில் படிக்கிறவர். காப்பிக்கு இறங்கி வந்தவரை அவள் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கூடத்துல ஷ்னோர் மாதிரி ஒருத்தர் வந்தா என்ன செய்வீங்க?"

"எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு" என்றார் ஸ்தோயன். "இன்னிக்கு அடுத்தவனைச் சோதிக்கிறவன், நாளைக்கு அதே நாற்காலியில தானே உட்காரணும். எங்க பெரியவரும் உட்காருவாரு. அவருக்கும் தள்ளுபடி கிடையாது."

"அப்போ இவரையும் உட்கார வைப்போம்."

"நல்லா இருக்கே! தன் தலையை அடுத்தவன் தடவ விடுவாரா அவரு?"

"அடுத்தவன் எதுக்கு? அவரே தடவட்டும்."

அவள் பார்வை அலமாரிக்குப் போயிற்று. அங்கே கேக்குகளுக்கு நடுவே ஒரு வெள்ளைத் தலை உட்கார்ந்திருந்தது. ஷ்னோர் தம் தலையை மழித்து, சுண்ணச்சாந்தில் அச்செடுத்து, 'நிறைமனிதன்' என்று பெயர் வைத்துப் பக்தர்களுக்கு விற்றிருந்தார். எந்த மேட்டில் எந்த நற்குணம் என்று அதில் கோடு போட்டு எழுதியிருந்தது. தன்னடக்கம் எங்கே என்று மட்டும் எழுதவில்லை.

புதன்கிழமை ராத்திரி, ஹெம்பல் தூங்கிய பிறகு எம்மெரிக் வந்தான், புத்தக முதுகில் நூல் கோக்க வரி அறுக்கிற சின்ன ரம்பத்தோடு. காதுக்கு முன்னால் நேராக இறக்கி, முகத்தைத் தனியே கழற்றினான். உச்சியும் பின்மண்டையும் காதும் ஒரு துண்டு. மூக்கும் முழியும் இன்னொரு துண்டு. ரீக்கே எழுத்தையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்தாள். பழசாகத் தெரிய மண்டையைக் காப்பியில் ஊறவைத்தாள். நிறம் ஒன்றும் ஒட்டவில்லை. கோப்பையின் அடியில் வரைந்த பூ தெரிகிற லைப்சிக் காப்பி அது. பச்சைத் தண்ணீருக்கே வெட்கம் வரும். வேறு வழியில்லாமல் அன்றைக்குத்தான் அந்த வீட்டில் உண்மையான காப்பி போட்டார்கள்.

"பொய் சொல்லிச் சோதிக்கிறது எங்களுக்குப் பழக்கமில்லைம்மா" என்று ஸ்தோயன் நெளிந்தார்.

"நீங்க சும்மா இருங்க. பொய்யை நான் சொல்லிக்கிறேன். எனக்கென்ன பட்டமா, பறிபோறதுக்கு?"

வியாழக்கிழமை மத்தியானம் நெசவாளர் சங்க மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் ஹெம்பல். ஷ்னோர் நாலைந்து தலைகளைத் தடவி முடித்ததும், ரீக்கே கூடையோடு மேடை ஏறினாள்.

"பேராசிரியர் ஐயா, இது பிராகாவுல தூக்குல போட்ட ஒருத்தனோட மண்டை அச்சு. மூணு கொலை செஞ்சவன். அங்கே இருக்கிற சொந்தக்காரர் ஒருத்தர் அனுப்பினாரு. நீங்க பார்த்துச் சொல்லணும்."

கொலைகாரன் என்றதும் கூட்டம் நாற்காலி நுனிக்கு வந்தது. ஷ்னோர் முகம் மலர்ந்தது. வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"மூஞ்சி இல்லையேம்மா?"

"மூஞ்சி நடிக்கும், மண்டை நடிக்காதுன்னு நீங்கதானே ஐயா சொல்வீங்க?"

கைதட்டல். ஷ்னோரும் தலையசைத்துக்கொண்டார். தம் பொன்மொழிக்கு அவரே எப்படி மறுப்புச் சொல்வார்? கண்ணை மூடித் தடவ ஆரம்பித்தார்.

"ஆகா! காதுக்கு மேலே பாருங்க. கொலை! பச்சைக் கொலை! இதோ இங்கே பொய். இது பித்தலாட்டம். ஊரை ஏமாத்திப் பொழைக்கிற மேடு! இப்படி ஒரு மண்டையை என் ஆயுசுல பார்த்ததில்லை!"

"பார்த்ததே இல்லையா ஐயா?"

"சத்தியமா இல்லை!"

அன்றைக்கு அவர் பேசியதில் அது ஒன்றுதான் உண்மை. தன் பின்மண்டையை யார்தான் பார்த்திருக்கிறார்கள்?

"உச்சியில தெய்வபக்தி ஏதாவது?"

"துளி கிடையாது. ரொட்டிப் பலகை மாதிரி தட்டையா கிடக்கு."

"இவனுக்குப் பொண்ணு கொடுக்கலாமா?"

"பொண்ணா! வீட்டு நாயைக்கூட நம்பி விட முடியாது!"

ரீக்கே கூடைக்குள் கைவிட்டு மற்றத் துண்டை எடுத்தாள். மண்டையோடு சேர்த்து வைத்தாள். ரம்பம் போன வழி மயிரிழை பிசகாமல் பொருந்தியது. அதே மூக்கு, அதே இரட்டைத் தாடை, அதே பெருமிதப் புன்னகை.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு அலறல் கேட்டது.

"அடியே, அது நம்ம அலமாரித் தலைடி! தாடையில கிரீம்கூட ஒட்டியிருக்கு!"

சாட்சி சொன்னவர் வேறு யாருமில்லை, பரம பக்தர் ஹெம்பலேதான். கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஷ்னோர் இரண்டு கையையும் தூக்கினார்.

"அமைதி! மேடு இருக்கு, மறுக்கலை. ஆனா பெரியோர்களே, அந்தக் கெட்ட குணத்தையெல்லாம் நான் மனவலிமையால அடக்கி வெச்சிருக்கேன்!"

சும்மா சொல்லக்கூடாது, நல்ல சமாளிப்பு. நாலு பேர் தலையைக்கூட ஆட்டிவிட்டார்கள். ரீக்கே விடவில்லை.

"மூணு கொலையை நீங்க அடக்கலாம், எம்மெரிக் ஒரு வீக்கத்தை அடக்கக் கூடாதா? மேடு இருந்தும் ஒருத்தன் நல்லவனா இருக்கலாம்னா, அப்புறம் எதுக்கய்யா தடவுறீங்க?"

"என் வேலை போச்சே, அதுக்குப் பதில் சொல்லுய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. வேலையிழந்த கணக்கர்தான். அவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். ஷ்னோர் கவராயத்தைக்கூட எடுக்காமல் பின்வாசல் வழியாக ஓடினார். ஊரே அவர் பின்மண்டையை நேரில் பார்த்தது.

வெளியே வந்த ஹெம்பல் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு நின்றார். எம்மெரிக் அருகில் வந்து நின்றபோது, அவன் நெற்றியைப் பார்த்தார். வீக்கம் பாதி வடிந்திருந்தது. திருட்டுக்குணமும் பாதி வடிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிக்கட்டும் என்றார். ரீக்கே நடுத்தெரு என்றும் பாராமல் அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் ஆசை யாரை விட்டது? ஹெம்பல் மெதுவாக ஸ்தோயன் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, உங்க கூடம் நிஜ அறிவியல்தானே? மாப்பிள்ளையை அங்கே உட்கார வெச்சு, நல்லவனா கெட்டவனான்னு ஒரு தடவை அளந்து சொல்லிட்டீங்கன்னா..."

"குண்டு விழுந்ததும் எவ்வளவு சீக்கிரம் விரலை எடுக்கிறாருன்னு சொல்லுவோம் ஐயா. நல்லவரான்னு எங்களுக்குத் தெரியாது."

"தெரியாதா? அப்புறம் நான் எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

ரீக்கே அவர் கையிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள்.

"ரெண்டு வருஷமா தினமும் நம்ம கடைக்கு வர்ற ஆளுப்பா அவரு. மண்டையை வெளியே தடவிப் பார்த்தது போதும். உள்ளே ஒண்ணு இருக்குதே, அதுக்குக் கொஞ்சம் வேலை கொடுங்க."