முதுகில் இறங்கிய பல்லிகள்

சொந்த விசேஷத்தில் சொந்தத் தொழிலைக் காட்டக் கூடாது. சமையல்காரர் தன் கல்யாணத்தில் கரண்டி பிடிப்பதில்லை. போட்டோகிராபர் தன் கல்யாணத்தில் கேமராவைத் தொடுவதில்லை. துணிக்கு டிசைன் போடுகிறவர்களுக்கு மட்டும் இந்த அடக்கம் கிடையாது. (எனக்குக் கிடையாது என்றுதான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒழுங்காகத்தான் இருப்பார்கள்.)

திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து டேப்லெட்டில் மிருகங்கள் வரைவதுதான் என் பிழைப்பு. ஊதா யானை, மஞ்சள் எருமை, பச்சையும் ஆரஞ்சுமாக ஓர் ஒட்டகச்சிவிங்கி. அவை ஏதோ தேசத்துக் குழந்தைகளின் சட்டையிலும் தலையணை உறையிலும் போய் உட்காரும். கம்பெனி, மேனேஜர் எல்லாம் கிடையாது. வருகிற ஆர்டரை முடித்து அனுப்புவேன். அப்பா இதை ஊராரிடம், "கம்ப்யூட்டர்ல மாட்டுக்குக் கலர் அடிக்குது" என்று விளக்குவார். மாட்டுப் பொங்கலோடு முடிந்துபோகிற வேலை போலிருக்கிறது என்று அவர்கள் அனுதாபப்படுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மயிலாடுதுறையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை செந்திலுக்குச் சிங்கப்பூரில் வேலை. முதல் தடவை போனில் பேசியபோதே, "உங்க எருமை படத்தைப் பாத்தேங்க. அது ஏன் சிரிக்குது?" என்று கேட்டார். என் எருமை சிரிப்பதை அதுவரை யாரும் கவனித்ததில்லை. கட்டினால் இவரைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். இதற்கு முன் வந்த வரன்கள் தட்டிப்போனபோது நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இது தட்டிப்போனால் தாங்க மாட்டேன் என்று தெரிந்தது.

செந்தில் லீவில் வந்ததும் பூ வைக்க நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அம்மா அதற்கென்று அரக்குப் பட்டு எடுத்து வைத்திருந்தாள். நான் பல்லிப் புடவையைக் கட்டிக்கொண்டேன். அப்போது என் தலைசிறந்த படைப்பு அதுதான். கிரீம் நிறத் துணியில் ரோஸ், நீலம், கிளிப்பச்சை என்று பல்லிகள். திருப்பூரில் கொடுத்து டிஜிட்டல் பிரிண்ட் போட்டு வாங்கியது.

நாள்காட்டி அட்டையில் பல்லி விழும் பலனைப் படித்து வளர்ந்தவள்தான் நானும். ஆனால் அதெல்லாம் உத்தரத்திலிருந்து விழுகிற பல்லிக்கு, டேப்லெட்டில் வரைந்த பல்லிக்கு அல்ல என்று நினைத்திருந்தேன். அம்மா கேசரி கிளறிக்கொண்டே திரும்பிப் பார்த்து, "மாங்கா டிசைனா? பட்டு கட்டலன்னா போ, இதுவும் அழகாத்தான் இருக்கு" என்றாள். கண்ணாடி போடவில்லை. நானும் திருத்தவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் காபித் தட்டோடு போய் நின்றேன். செந்திலின் அம்மா சும்மா சிரித்தார். பக்கத்தில் அவருடைய அக்கா, அதாவது செந்திலின் பெரியம்மா, என் முந்தானையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது என்னம்மா, கொடியா?"

"இல்லீங்க, பல்லி. நானே வரைஞ்சது."

பெரியம்மா காபியைக் கீழே வைத்தார். பிறகு என்னை மேலிருந்து கீழே படிக்க ஆரம்பித்தார்.

"கழுத்துல ஒண்ணு இருக்கு. கழுத்துன்னா பகை."

"தோள்லயும் இருக்குங்க," என்றார் அப்பா அவசரமாக. "தோளுன்னா வெற்றி. வயித்தப் பாருங்க, வயித்துல விழுந்தா தானியம். நாம விவசாயக் குடும்பம், வேற என்னங்க வேணும்?"

இரண்டு பக்கமும் என் உடம்பைப் பங்கு போட்டு வாதாடின. எங்கள் சித்தப்பா கணுக்காலைக் காட்டிச் சுபம் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ மணிக்கட்டுக்குப் பீடை என்றார்கள். செந்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அப்பா ஒரு பாயின்டைப் பிடித்தார். "விழுந்தாத்தானேங்க பலன்? இது ஒண்ணும் விழல. ஏறிப் போயிட்டிருக்கு, பாருங்க!"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பெரியம்மாகூட யோசித்தார். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், காரியம் முடிந்திருக்கும். ஆனால் என் டிசைனின் முக்கியமான நுட்பத்தை அப்பா பாதி மட்டும் சொல்லிவிட்டாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"முன்னாடிதாம்ப்பா ஏறும்," என்றேன். "முந்தானைல எல்லாமே ஒரே திசைல போற மாதிரி வரைஞ்சிருக்கேன். தோளைத் தாண்டிட்டா முதுகுல இறங்கும்." திரும்பி நின்று காட்டவும் செய்தேன்.

"முதுகுலயா?" என்றார் பெரியம்மா. "முதுகுன்னா நாசம். அதுவும் கூட்டமா இறங்குது! இன்னிக்குப் பூ வைக்க வேணாம், இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

இன்னொரு நாள் என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். செந்திலின் லீவு முடியப் போகிறது. பெரியம்மா எழுந்து செருப்பைத் தேடினார். ஒரு புடவைக்காக ஒரு மனிதரை இழக்கப் போகிறேன் என்று நிஜமாகவே பயந்துபோனேன்.

அதுவரை கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த செந்திலின் அம்மா வாயில் இருந்ததை முழுங்கினார். "பல்லி விழுந்தா என்னக்கா பண்ணுவோம்? தலைக்குக் குளிப்போம். அவ்வளவுதானே? நீ போயிக் குளிச்சிட்டு வேற புடவை கட்டிட்டு வாம்மா. ராகு காலம் வர்றதுக்குள்ள வச்சிடலாம்."

செய்திருந்த அலங்காரம் எல்லாம் போக அம்மா என் தலையில் குடம் குடமாக ஊற்றினாள். ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு வசவு. அரக்குப் பட்டில், தலை சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தேன். செந்திலின் அம்மா வைத்த மல்லிகைச் சரம் ஈரத்தில் நிற்காமல் வழுக்கி என் முதுகில் இறங்கியது. பெரியம்மா பார்த்தார். செந்திலின் அம்மா அவரைப் பார்த்தார். பெரியம்மா கேசரித் தட்டை இழுத்துவைத்துக்கொண்டார்.

புறப்படும்போது செந்திலின் அம்மா அந்தப் புடவையைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "இத வீட்டுல வச்சிக்காதீங்க. எங்க ஊருக்குப் போயிக் காவேரில விட்டுடறேன்."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மயிலாடுதுறையில் முதல் நாள் காலை வாசலுக்கு வந்தேன். மாமியார் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். உடம்பில் நைட்டி. நைட்டியில் ரோஸ், நீலம், கிளிப்பச்சை.

"அத்தை, காவேரில விடலையா?"

"விடத்தான் போனேன். துணி நல்லா மெத்துனு இருந்துச்சு, மனசு வரல. டெய்லர்கிட்ட சொல்லி முதுகுக்கு வேற துணி வச்சு, இருக்கற பல்லியை எல்லாம் வயித்துப் பக்கம் வர்ற மாதிரி தைச்சிக்கிட்டேன். வயித்துன்னா தானியம்னு உங்கப்பா சொன்னாருல்ல?"

திரும்பிக் காட்டினார். முதுகு வெறும் வெள்ளை. வயிற்றில் மட்டும் நெரிசல்.

அந்த வருஷம் சம்பா நன்றாக விளைந்தது. மழை, உரம், மாமனாரின் உழைப்பு எதற்கும் யாரும் பேர் கொடுக்கவில்லை. இப்போதும் கதிர் முற்றுகிற நேரத்தில் மாமனார் வயலிலிருந்து கவலையோடு திரும்பினால், சிங்கப்பூரிலிருந்து போன் செய்கிற செந்தில் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அம்மா நைட்டியத் துவைக்கப் போட்டுட்டாங்களா?"