குரங்கைச் சிரிக்கச் சொன்னவர்

காட்டுக் குரங்கின் தோளில் கை போட்டுப் படம் எடுத்து, அதைக் கடைக் கண்ணாடியில் மாட்டாமல் ஓய்வதில்லை என்று ஸ்டுடியோக்காரர் சபதம் செய்துவிட்டார். காரணம் எதிர்க்கடை ஸ்டுடியோ. அந்த ஆள் ஒரு மானைக் கட்டிக்கொண்டு நிற்கும் படத்தை மாட்டிய நாளிலிருந்து, பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள்கூடத் தெருவைக் கடந்து அங்கே போனார்கள். நம்மவர் கடைக்குள் யாராவது வந்தால் அது வழி கேட்கத்தான்.

மனைவியோடு மலைக்குச் சுற்றுலா போனார். விடுதியில் பையைத் திறந்ததுமே அவள் வாழைப்பழச் சீப்பைப் பார்த்துவிட்டாள்.

“இது யாருக்குங்க?”

“எனக்குத்தான். மலைக்காத்துக்கு வயிறு கட்டுமாம்.”

“ஒரு சீப்பு அளவுக்கா கட்டும்? குரங்குக்குன்னு சொல்லுங்க.”

“ஒரே ஒரு படம். அதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

“நாம நாளைக்கு ஊருக்குப் போயிடுவோம். கையில வாங்கித் தின்னு பழகின குரங்கு அடுத்தவன் பையைப் பிடுங்கும். அப்புறம் கூண்டு வச்சுப் பிடிச்சிட்டுப் போவாங்க. பழம் கொடுத்தது நீங்க, ஜெயில் அதுக்கா?”

“எதிர்க்கடைக்காரன் மானைக் கட்டிப்பிடிக்கலையா?”

“அந்த மான் மூஞ்சியைப் பார்த்தீங்களா? பல்லு பிடுங்க உட்கார்ந்த மாதிரி முழிக்குது.”

வாதத்தில் தோற்ற கணவன்மார் செய்வதை அவரும் செய்தார். தலையாட்டிவிட்டுத் தூங்கினார். விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நழுவினார்.

விடுதிக்குப் பின்னால் கைப்பிடிச் சுவரில் ஒரு தாய்க்குரங்கு, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முக்காலியில் கேமராவை நிறுத்தித் தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு, பக்கத்தில் போய் நின்றார். குரங்கு உம்மென்று இருந்தது. உம்மென்று இருக்கும் வாடிக்கையாளரைச் சிரிக்க வைக்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழி: முதலில் தாமே எல்லாப் பல்லையும் காட்டுவது.

“கொஞ்சம் சிரிங்க” என்று காட்டினார்.

குரங்கு பாஷையில் பல்லைக் காட்டுவது மிரட்டல். குட்டி வைத்திருப்பவள் அதைத் தொழில் சம்பந்தமாக எடுத்துக்கொள்ளவில்லை. பாய்ந்தாள். இவர் பையைப் போட்டுவிட்டு ஓடினார். குரங்கு பையைக் குடைந்தது. பழத்தைக் காணோம். பழம் இருந்த இடத்தில் அவருடைய துவைக்காத காலுறை இருந்தது. முகர்ந்து பார்த்தது. ஓடுகிறவரைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்தது. குட்டியோடு மரமேறிவிட்டது.

அறைக்குள் வந்தவர் கைகால்களைச் சரிபார்த்தார். எல்லாம் இருந்தன.

“பழத்தை நீதான் எடுத்தியா?”

“ராத்திரியே. ஜீரணமும் ஆயிடுச்சு.”

“நல்ல வேலை பண்ணினே. பழம் இருந்திருந்தா இன்னும் நாலு குரங்கு சேர்ந்து என்னைப் பங்கு போட்டிருக்கும். உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை.”

“அந்தக் குரங்குக்கும் சேர்த்துச் சொல்லுங்க. கடிக்காம விட்டுச்சே.”

அவர் மனதாரச் சொன்னார். ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக் கும்பிடுகூடப் போட்டார். அப்போதுதான் அவள், அவர் அறையிலேயே வைத்துவிட்டுப் போன இன்னொரு பெரிய கேமராவை நீட்டினாள்.

“உங்க தூரத்து லென்ஸ் சும்மா கிடந்துச்சு. ஜன்னல்ல நின்னு எடுத்தேன்.”

பனி. சுவர். தாய். மடியில் குட்டி. யாருக்காகவும் சிரிக்காமல், யாரையும் பார்க்காமல் அது குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு படம் அவர் கையில் இதுவரை விழுந்ததில்லை.

“ஓரத்துல நீங்க முக்காலியோட மல்லுக்கட்டிட்டு இருந்தீங்க. வெட்டிட்டேன்.”

படம், கீழே மனைவியின் பெயரோடு, கடைக் கண்ணாடியில் ஏறியது. கூட்டம் தெருவைக் கடந்து திரும்பி வந்தது. அவர் நன்றியோடு விளக்கைப் போட்டு, நாற்காலியைத் துடைத்து, வந்தவர்களை உட்காரச் சொன்னால், உட்காராமல் கேட்கிறார்கள்:

“அந்தப் படம் எடுத்த அம்மா வர்ற வரைக்கும் நாங்க வெளியில நிக்கட்டுமா?”