ஃபிரிட்ஜ் நைனாவும் வியர்த்த டம்ளரும்

மயிலாப்பூரில் கேட்காமல் கொள்ளாமல் எந்தச் சமையலறைக்குள்ளும் நுழைகிற உரிமை இரண்டே பேருக்குத்தான் இருந்தது. ஒன்று பூனை, இன்னொன்று ஃபிரிட்ஜ் நைனா. பூனையாவது அதட்டினால் ஓடிவிடும்.

ஃபிரிட்ஜ் ரிப்பேர் அவருக்குத் தொழில். காற்றிலிருக்கும் ஈரத்தின்மேல் அவருக்குப் பைத்தியம். ஆழ்வார்பேட்டையில் கோர்ட்டுக்குக் கிளம்பிய ஒரு வக்கீலை நிறுத்தி, ஐஸ் பாட்டில் மேல் ஊதச் சொல்லி, படிந்த ஈரத்தை அவருக்கே காட்டிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரையே எடுத்தாராம்.

தொண்ணூறுகளில் ஒரு மார்கழி. நாங்கள் மாடியில் குடித்தனம், வீட்டுக்கார மாமி கீழே. திடீரென்று மாமியின் சமையலறைக் கூரை சொட்ட ஆரம்பித்தது, அதுவும் சரியாக எங்கள் குளியலறைத் தொட்டிக்குக் கீழே. நாங்கள் குளித்த ஜலம் சாம்பாரில் விழுந்தால் மாமி சும்மா இருப்பாரா? தை பிறந்ததும் காலி பண்ணச் சொல்லிவிட்டார். என் மனைவிக்கோ ஏழாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சியோடு வீடு மாறவே கூடாது என்று இரண்டு பக்கத்து உறவும் ஒற்றைக்காலில் நின்றது.

மாமியின் ஃபிரிட்ஜைப் பார்க்க வந்த நைனா, அதை விட்டுவிட்டுக் கூரையையே பார்த்தார். பிறகு மாடிக்கு ஓடிவந்து எங்கள் தொட்டியில் ஒரு பாட்டில் சொட்டு நீலத்தைக் கவிழ்த்தார். மூன்று நாள் நீலக் காதோடு ஆபீஸ் போனேன். கீழே சொட்டியது மட்டும் பளிங்கு மாதிரி! மாமி அசரவில்லை. சிமெண்ட் வடிகட்டிவிடும் என்றார்.

நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலை, பனி ஆகாதென்று ஜன்னலை இறுக்கி அடைத்துக்கொண்டு மாமி இட்லி வார்க்கும்போது, எங்களையும் கீழே கூட்டிக்கொண்டு ஆஜர். மாமியின் டம்ளரில் ஐஸ் தண்ணீரை ஊற்றி, கொதிக்கிற பானைக்குப் பக்கத்தில் வைத்தார். டம்ளரின் வெளிப்புறம் முத்து முத்தாக அரும்பி, ஒன்று வழிந்தே விட்டது.

"மாமி, இந்த டம்ளர்ல ஓட்ட கீதா?"

"ஓட்டையா? என் கல்யாணச் சீராக்கும் அது."

"அப்போ வெளியாண்ட தண்ணி எப்டி வந்துச்சு? உங்க இட்லி ஆவி, சில்லுனு கீற எடமா பாத்து ஒட்டிக்கினு கீது. தொட்டி ரொம்பித் தண்ணி நிக்கிது, கூரையும் சில்லுனுதான கீது?"

மாமி போய் ஜன்னலைத் திறந்தார். நைனா ஸ்டூலில் ஏறிக் கூரையைத் துணியால் ஒற்றியெடுத்தார். அடுத்த ஈடு வெந்து இறங்கும்வரை எல்லோரும் அண்ணாந்தபடியே நின்றோம். ஒரு சொட்டு விழவில்லை.

மாமி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கேயும் போக வேண்டாம். குழந்தை இந்தாத்துக்கே வரட்டும்" என்றார். இவள் அழுதேவிட்டாள்.

நைனா எதையும் காதில் வாங்கவில்லை. இட்லிப் பானை மூடியைத் திருப்பி வைத்துக்கொண்டு, அதில் கோத்திருந்த துளிகளைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.